துணைக்கருவிப் பட்டியலும் நிகண்டு நெறியும்

கல்லூரியின் யூபிலி மலரோடு பழைய மாணவர் பெயர் இடாப்பு ஒன்றும் வெளிவரல் வேண்டுமெனச் சங்கத்தார் தீர்மானித்து, அப்பணியை எம்மிடம் ஒப்புவித்தனர். தமிழாசிரியராதலின் பெயர்களில் எழுத்துப்பிழை நேராது காப்போம் என்பது அவர்தம் எண்ணம் போலும். இடாப்பு முன்னரே ஓரளவு ஆயத்தமாய் இருந்தது. 1990களின் இறுதியிற் கல்லூரி அலுவலகத்தார் அதனைப் பாமினி எழுத்துருவில் தட்டெழுதி வைத்திருந்தனர். அதனை இக்காலக் கணினிகள் யாவும் படிக்கத்தக்க யுனிகோட் முறைக்கு மாற்றி அகரவரிசைப்படுத்தினால் வேலை முடிந்ததாகும் என்றே யாம் கருதினோம்.

அவ்வேலையில் யாம் பட்ட பாட்டினை ஒரு விழா மலரிற் கூறுதல் தகுமோ என ஐயுற்றதுண்டு. ஆயினும் அப்பாட்டிலிருந்து எமக்குத் தோன்றிய கருத்தொன்று, மென்பொருட்டுறையிற் பணிபுரியும் எம் பழைய மாணவர் பலர்க்கும் உரியதாய் இருத்தலின், ஈண்டு எழுதத் துணிந்தோம்.

பாமினி எழுத்துருவை அறியாத இளைஞர் பொருட்டு ஒரு வார்த்தை. அம்முறையிற் கணினி உள்ளே சேமித்து வைப்பது ஆங்கில எழுத்துகளையே. எழுத்துருவானது அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டும். எழுத்துரு இல்லாத கணினியிற் கோவையைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். அன்றியும், கண்ணுக்குத் தோன்றும் முறையிலேயே அதில் எழுத்துகள் வரிசையாக நிற்கும். ‘கொ’ என எழுத வேண்டின் முதலிற் கொம்பு, பின் ககரம், பின் கால் என்றவாறு தட்டுவர். யுனிகோட் முறையிலோ மெய்யாகிய ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னும் நிற்றல் வேண்டும். ஆதலின் ஓரெழுத்துக்கு ஓரெழுத்தாக மாற்றிவிட்டால் போதாது. கொம்பை அதற்குரிய மெய்யின் பின்னே கொண்டுபோய்ச் சேர்த்தலும் வேண்டும்.

எமக்கு உதவ முன்வந்த உயர்தர வகுப்பு மாணாக்கர் நால்வர், கணினி நிரல் எழுதுவதில் ஆர்வமுடையோர். மொழிசார் பணிகளுக்கென ஆக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருள் நூலகத்தை அவர்கள் அறிந்திருந்தனர். நூலகம் எனின் புத்தகங்கள் அடுக்கிய மண்டபம் அன்று. பலர்க்கும் பயன்படும் நிரற்றுண்டுகளை ஓரிடத்திற் சேர்த்து, வேண்டுவோர் எடுத்தாளுமாறு வைத்திருப்பதையே அத்துறையார் அவ்வாறு அழைக்கின்றனர். அந்நூலகத்தின் கையேட்டிற் ‘சமூகக் கருவிகள்’ எனத் தலைப்பிட்ட பக்கம் ஒன்று உண்டு. நூலகத்தை ஆக்கியோர் அல்லாத பிறர், அதனைச் சார்ந்து ஆக்கிய துணைக்கருவிகளின் பட்டியல் அது. எழுபதுக்குக் குறையாத பெயர்கள் அதில் இருந்தன. மாணாக்கர் அதனைத் திறந்து, எழுத்துருமாற்றி என விவரிக்கப்பட்டவற்றுள் முதலாவதாகக் கண்டதை எடுத்தனர். விவரணம் நீண்டதாயும், ‘முழுமையானது’ என்னும் சொல்லோடும் இருந்தமையால் அவர்கள் ஐயுறவில்லை. யாமும் ஐயுறவில்லை.

மாற்றப்பட்ட இடாப்பின் முதற் பக்கத்தை யாமே பார்வையிட்டோம். அருணாசலம், இராசரத்தினம், கந்தசாமி என யாவும் செவ்வனே இருந்தன. பணி தொடர்க எனக் கூறிவிட்டோம். அப்பெயர்களுள் ஒன்றிலேனும் கொம்பு இல்லை என்பது அப்போது எமக்குத் தோன்றவில்லை. இரு வாரங்களின் பின், முகவரிகளும் கற்ற ஆண்டுகளும் சேர்த்துத் திருத்தி முடித்த பிற்பாடே, ‘பொன்னையா’ என்பவர் முதற்கொம்பு தனித்து நிற்க, எஞ்சிய பகுதி ‘பான்’ எனத் தொடங்க, ஐகாரக் குறி இடம்மாறி ஒற்றின்மேல் ஏறி நிற்கக் கண்டோம். தம்பையா, வேலுப்பிள்ளை, கணேசன், செல்லத்துரை என்போர் யாவரும் அவ்வாறே குலைந்து கிடந்தனர்.

வரிசையும் பிழையாயிற்று. கனகசபை என்பார் கமலநாதனுக்கு முன்னே வந்து நின்றார். காரணம் பின்னரே விளங்கிற்று. யுனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்தின் முன்னும் வைக்கப்பட்டுள்ளன. புள்ளிக்குறி உயிர்க்குறிகள் அனைத்திற்கும் பிற்பட்டது. ஆதலின் ‘கௌ’ வந்த பின்னரே ‘க்’ வரும். அட்டவணை எண்ணை மாத்திரம் நோக்கி வரிசைப்படுத்தும் கருவி இவ்வாறே செய்யும். தமிழ் நெடுங்கணக்கின் முறைப்படி வரிசைப்படுத்துதற்கு வேண்டிய விதிகள் யுனிகோட் அமைப்பினர் வெளியிடும் மொழித்தரவுத் தொகுதியிலேயே உள்ளன. அவற்றைக் கொண்டு இயங்கும் கருவியும், கொம்பைச் சரிவர மாற்றும் கருவியும் அதே பக்கத்திலேயே இருந்தன. எங்கே இருந்தன எனின், பக்கத்தின் அடியிற் ‘பிற’ என்னும் தலைப்பின் கீழ். மாணாக்கர் எடுத்த கருவியையோ அதன் ஆசிரியர் கைவிட்டு நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதனை அப்பக்கத்தின் எவ்விடத்தும் ஒருவரும் குறித்திலர்.

மூலக் கோவையின் பிரதி அலுவலக அலுமாரியிற் பழைய தட்டு ஒன்றில் இருந்தமையால் இடாப்புத் தப்பியது. இழந்தது நான்கு பிள்ளைகளின் இரு வார மாலைப்பொழுது. அதுவும் பரீட்சை ஆண்டில்.

எம்மிடம் முன்னர்க் கற்ற மாணவர் ஒருவர், அந்நூலகத்தின் கையேட்டைத் திருத்தும் தொண்டர் குழுவில் ஒருவராய் இருக்கின்றார் என மாணாக்கர் மூலம் அறிந்து அவர்க்கு எழுதினோம். அவர் மறுமொழியில், “ஐயா, அந்தப் பக்கத்தை எவ்வாறு திருத்தி அமைப்பது என்பதே இப்போது எங்களுக்குள் நடக்கும் வழக்கு. அகரவரிசையில் வைக்கலாம் என்கின்றனர் சிலர். அதிகம் பேர் விரும்பியதை மேலே வைக்கலாம் என்கின்றனர் சிலர். பக்கத்தையே எடுத்துவிடலாம் என்போரும் உளர். நிகண்டு படிப்பித்தவர் நீங்கள். உங்கள் கருத்து என்ன?” என வினவியிருந்தார். விளையாட்டாக வினவினாரோ அறியோம். யாம் விளையாட்டாகக் கொள்ளவில்லை.

முதற்கண், அகரவரிசை என்னும் கருத்தை நோக்குவோம். நம் முன்னோர் சொற்களைத் தொகுத்த வரலாற்றில் இரு நெறிகள் உள. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு பன்னிரு தொகுதிகளை உடையது. தேவப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர், இடப்பெயர் எனப் பொருள்வகையால் அது பகுக்கப்பட்டுள்ளது. 1594ஆம் ஆண்டில் இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்து நோக்கி அடுக்கியது. பின் 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி தோன்றிற்று. யாழ்ப்பாணத்திற் பிறந்த மானிப்பாய் அகராதி 1842இல் வெளியாயிற்று. அகராதி வந்தபின் நிகண்டினைப் பழைமை என ஒதுக்குவோர் உளர். அவர் இரண்டின் பயனும் வேறென்பதை உணராதார். சொல்லை அறிந்து பொருளை அறியாதவர்க்கு அகராதி. பொருளை அறிந்து சொல்லை அறியாதவர்க்கு நிகண்டு. செய்யுள் பாடப் புகும் மாணாக்கன் யானைக்கு மற்றொரு பெயர் வேண்டி அகராதியைத் திறந்தால், எந்த எழுத்திற் புரட்டுவான்?

துணைக்கருவிப் பக்கத்தை நாடி வருபவர் இவ்விருவருள் யாவர்? கருவியின் பெயரை அறிந்தவராயின் அவர் இப்பக்கத்திற்கே வரமாட்டார். பெயரைத் தேடுபொறியில் இட்டு நேரே சென்றுவிடுவார். ஈண்டு வருபவர் தம் தேவையை மாத்திரம் அறிந்தவர். “பழைய எழுத்துருவிலுள்ள கோவையை மாற்றல் வேண்டும்” என்பது அவர்க்குத் தெரியும். அதனைச் செய்யும் பொருளுக்கு ஒருவர் என்ன பெயரிட்டார் என்பது தெரியாது. அத்துறையார் தம் கருவிகளுக்கு இடும் பெயர்களையோ கூறவேண்டா. பறவைகள், பழங்கள், காலையுணவுப் பண்டங்கள் என வாய்க்கு வந்தவாறு பெயரிடுகின்றனர். அப்பெயர்களை அகரவரிசையில் அடுக்கி வைப்பதனால் ஒருவர்க்கும் ஒன்றும் விளங்காது. இறுதியில் ஒரு பெயர்ச்சுட்டியாக வைப்பின் தீங்கில்லை.

விரும்பியோர் தொகையால் வரிசைப்படுத்துதல் இதனினும் இழிந்தது என்பது எம் கருத்து. கிற்ஹப் முதலிய தளங்களில் ஒரு கருவியை விரும்புவோர் அதற்கு வெள்ளி ஒன்று இடுகின்றனர். இட்ட வெள்ளியை எவரும் திரும்ப எடுப்பது அரிது. ஆதலின் முன்னே தோன்றிய கருவிக்கு வெள்ளி மிகும். அது கைவிடப்பட்ட பின்னரும் மிகுந்தே இருக்கும். மாணாக்கர் எடுத்த அக்கருவிக்கு, அப்பக்கத்தின் எழுத்துருமாற்றிகளுள் வெள்ளி மிக அதிகம் என அறிந்தோம். கைவிடப்பட்டதற்கு முதலிடம் கொடுக்கும் வரிசை எவ்வகையால் வரிசையாகும்?

இனி, செவ்விதாகச் செய்தோர் உண்டோ எனின், உண்டு. புள்ளிவிவரவியலார் பெரிதும் ஆளும் ‘ஆர்’ என்னும் நிரன்மொழி, நியூசிலாந்தின் ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் உரொசு இகாக்கா, உரொபேட்டு சென்டில்மன் என்னும் இருவரால் ஆக்கப்பட்டது. அதற்குரிய துணைப்பொதிகளைச் சேர்த்து வைக்கும் ‘கிரான்’ என்னும் களஞ்சியம் 1997இல் வியன்னாவிலிருந்து தொடங்கப்பட்டபோது அதில் இருந்தவை 12 பொதிகளே. இன்று 20,000க்கு மேற்பட்டன. பன்னிரண்டுக்குப் பட்டியல் போதும். இருபதினாயிரத்துக்கு என் செய்வது? 2005ஆம் ஆண்டளவில் அவர்கள் ‘பணிநோக்கு’ எனத் தமிழிற் கூறத்தக்க ஒரு முறையை ஏற்படுத்தினர். காலத்தொடர்க் கணிப்பு, மருத்துவச் சோதனை, நிலவரைபடம், சூழலியல் எனப் பணிவகைக்கு ஒரு பக்கம். அத்துறையை அறிந்தவர் ஒருவர் அதற்குப் பொறுப்பாளர். இத்தகைய பக்கங்கள் இன்று நாற்பதுக்கு மேல் உள்ளன.

அப்பக்கங்களில் எம்மைக் கவர்ந்தன சில. ஒன்று, அவை அட்டவணையாய் அன்றி உரைநடையாய் எழுதப்பட்டிருத்தல். இன்ன பணிக்கு இன்ன பொதி அடிப்படை, இன்ன நுட்பம் வேண்டின் இன்னது, அதனோடு இது பொருந்தும் என வாக்கியமாகவே கூறுகின்றனர். அட்டவணையில் ஒரு பெயரைச் சேர்த்தற்குச் சிந்தனை வேண்டா. வாக்கியத்திற் சேர்க்க வேண்டின், முன்னுள்ளதற்கும் இதற்கும் என்ன உறவு என எழுதுவோன் எண்ணியே தீரல் வேண்டும். வகுப்பில் யாம் கட்டுரை எழுதச் சொல்லும்போது, குறிப்புகளை மாத்திரம் எழுதித் தரும் மாணாக்கனுக்கு எது விளங்கவில்லையோ அதுவே பட்டியல் எழுதுவோனுக்கும் விளங்குவதில்லை.

இன்னொன்று, ‘இவையே சிறந்தவை’ என அவர்கள் கூறாமை. எல்லை தெளிவாய் இருத்தல் வேண்டும். எது இதில் அடங்கும், எது அடங்காது என்பது வாசிப்போர்க்குப் புலனாதல் வேண்டும். சிறந்ததற்குப் பரிசளித்தல் தம் பணி அன்று என்றே அறிவித்துள்ளனர். எம் மாணவர் குழுவிலும் இப்பேச்சு எழுந்ததாம். ஒரு கருவியைப் பட்டியலிற் சேர்த்தால் நாம் அதற்குச் சான்று பகர்ந்தவராகி விடுவோமோ என அஞ்சி, ‘யாம் பொறுப்பல்லேம்’ என ஒரு வரியைத் தலைப்பில் எழுதிவிட்டு அமைந்திருந்தனராம். அவ்வரியை எம் மாணாக்கர் வாசித்திலர். வாசித்திருப்பினும் பயன் என்ன? சான்று பகராது இருத்தல் வேறு. ஒன்றும் சொல்லாது இருத்தல் வேறு. கருவி எதனைச் செய்யும், எதனைச் செய்யாது, கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது என்பவற்றைச் சொல்லுதல் சான்று அன்று, தகவல்.

பிறிதொன்றையும் சொல்லல் வேண்டும். அப்பணிநோக்குப் பக்கங்களும் காலப்போக்கிற் சில பழுதுபட்டன. பொறுப்பாளர் ஒருவரே ஆதலின் அவர் ஓய்ந்தபோது பக்கமும் ஓய்ந்தது. 2022இல் அவர்கள் முறையைப் புதுக்கினர். ஒருவர்க்குப் பதிலாக, தலைமைப் பொறுப்பாளரோடு சிறு குழு. எவரும் கண்டு திருத்தம் முன்மொழியத்தக்க பொதுவெளி. எளிதில் எழுதத்தக்க எழுத்துமுறை. பொதி ஒன்று களஞ்சியத்திலிருந்து நீக்கப்படின் அதனைக் கண்டு சொல்லும் ஏற்பாடும் உண்டு. கவனிப்பார் அற்ற சில பக்கங்களை நிறுத்தியும் விட்டனர். நிறுத்தும் துணிவு எமக்கு மிக்க மதிப்பைத் தந்தது. எத்தனையோ சங்கங்களின் நிருவாகத்தார்க்கு வாய்க்காத துணிவு அது. (எமது சங்கத்தைக் கூறுகின்றோம் என எவரும் கொள்ளற்க.)

நூலகம் என்னும் சொல்லை வாங்கிக்கொண்ட இத்துறையார், நூலகவியலையும் சிறிது வாங்கிக் கொண்டிருக்கலாம். சீர்காழியில் 1892இற் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், கணித விரிவுரையாளராய் இருந்து 1924இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் நான்காவது, வாசகனின் நேரத்தைக் காத்தல் வேண்டும் என்பது. ஐந்தாவது, நூலகம் வளரும் உயிர் என்பது. இரண்டையும் ஒருங்கே வைத்து எண்ணினால், வளருந்தோறும் மீள ஒழுங்குபடுத்தாத நூலகம் வாசகனின் நேரத்தைத் தின்னும் என்பது பெறப்படும். இலண்டனில் ஒரு கடையிற் சிறு உறுப்புகளைப் பூட்டிப் பலவகைப் பொம்மை அமைக்கும் விளையாட்டுப் பெட்டியைக் கண்டே, 1933இல் வெளியிட்ட தம் கோலன் பகுப்புமுறைக்கு அவர் கருத்துப் பெற்றார் என்பர். ஒரு நூலை ஒரு பெட்டியில் அடைத்தல் அன்று, அதன் பல முகங்களையும் குறித்தல் என்பது அம்முறையின் உயிர். எழுத்துருமாற்றி ஒன்று, செய்யும் பணியால் ‘மாற்றல்’ என்பதிலும், மொழியால் ‘தமிழ்’ என்பதிலும் அடங்கும். இரண்டிடத்தும் அதனைச் சுட்டினால் இடம் சிறிது மிகும், அவ்வளவே.

‘பிற’ என்னும் தலைப்பைப் பற்றி எம் மாணவர்க்கும் எமக்கும் இன்னும் உடன்பாடில்லை. அதனை அறவே நீக்கல் வேண்டும், அது சோம்பலின் இருப்பிடம் என்கின்றார் அவர். நிகண்டு ஆசிரியர்க்கும் எதிலும் அடங்காத சொற்கள் வந்தன. அவரும் பல்பொருட்பெயர்த் தொகுதி எனவும், பல்பொருட் கூட்டத்து ஒருபெயர்த் தொகுதி எனவும் வகுத்தே வைத்தார். அடங்காதவற்றுக்கு ஓர் இடம் வேண்டும் என்பது எம் துணிபு. ஆனால் அதில் ஐந்தாறு ஒத்த பொருள்கள் சேர்ந்தவுடன் அவற்றுக்குத் தனித் தலைப்பு அளித்தல் வேண்டும். நமக்கு உதவிய கருவி அங்கே கிடந்தமைக்குக் காரணம், அப்பக்கத்தைத் தொடங்கியோர் இலத்தீன் எழுத்தினர். பிறவெழுத்துகளை மாற்றும் தேவை உலகில் உண்டென்பது அவர்க்குத் தோன்றாமையே. குற்றமாகக் கூறவில்லை. தமக்குத் தெரியாத தேவைக்கு எவரும் தலைப்பு வகுக்க முடியாது. அத்தேவை உடையோரே சென்று கேட்டல் வேண்டும்.

இனிக் கைவிடப்பட்ட கருவிகள். இவற்றை உடனே அழித்துவிடல் வேண்டும் என்பாரும், இருந்தால் என்ன என்பாரும் உளர். இரண்டும் ஒவ்வா. இருந்தால் என்ன என்பதற்கு எம் இடாப்பே விடை. சொல்லாது அழித்தலும் பொருந்தாது. முன்னரே அதனை ஆண்டு வருவோர், அது ஏன் மறைந்தது, அதற்கு ஈடு எது என அறியாது தவிப்பர். ஜாவாஸ்கிரிப்ற் நிரன்மொழியில் நாள் நேரம் கணிக்கும் ‘மோமன்ற்’ என்னும் நூலகத்தார் நல்வழி காட்டினர். உலகெங்கும் ஆளப்பட்ட அந்நூலகத்தின் கையேட்டில், 2020 செப்தெம்பரில், இனிப் புதிய வசதிகள் எவையும் சேரா எனவும், புதிதாகத் தொடங்குவோர் லக்சன் முதலிய வேறு நூலகங்களை ஆராய்ந்து தெரிக எனவும் தாமே எழுதினர். தம் கடையின் வாயிலில் நின்று அடுத்த கடைக்கு வழிகாட்டிய வணிகரை வேறெங்கும் கண்டிலோம்.

யார் பராமரிக்கின்றார் என்பதும் சிறு செய்தி அன்று. 2018இல் ‘ஈவென்ற்-ஸ்ரீம்’ என்னும் பொதிக்கு நேர்ந்தது இத்துறையார் யாவரும் அறிந்ததே. அதனை ஆக்கியவர், தாம் அதனை ஆளுதல் ஒழிந்தமையால், உதவ முன்வந்த அறிமுகமற்ற ஒருவரிடம் அதனை ஒப்படைத்தார். புதியவர் பிட்கொயின் நாணயப்பைச் செயலி ஒன்றைக் குறிவைத்துத் தீய நிரலை அதனுட் புகுத்தினார். பெயர் மாறவில்லை, பட்டியல்களில் இடமும் மாறவில்லை, உரிமையாளன் மாறியிருந்தான். பட்டியலிற் கருவியின் பெயருக்கருகே ‘பராமரிப்பவர் மாறியுள்ளார், இன்ன மாதம்’ என ஒரு வரி இருப்பின் ஒருவரேனும் முன்னரே நின்று பார்த்திருக்கலாம் அன்றோ?

பக்கத்தையே எடுத்துவிடலாம் என்போர் கூறும் காரணம் புதியது. இப்போது எவரும் பட்டியல் பார்ப்பதில்லை, செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு விடுகின்றனர் என்கின்றனர். எம் மாணாக்கரும், முதற் கருவி பிழைத்த பின் அவ்வாறே கேட்டனர். அழகிய பெயருடைய ஒரு கருவியை அது உடனே கூறிற்று. நிறுவும் கட்டளையையும் எழுதித் தந்தது. அப்பெயரில் ஒரு கருவியும் இல்லை. இல்லாத பெயரைக் கூறுவது வெறும் ஏமாற்றம் என விடுதற்கும் இல்லை. அத்தகைய பெயர்களில் தீய பொதிகளை முன்கூட்டியே பதிந்து வைத்துக் காத்திருத்தல் இயலும் என வல்லுநர் எச்சரித்து வருகின்றனர். அன்றியும், இந்நுண்ணறிவு கற்றது எதனை? மனிதர் எழுதிய கையேடுகளையும் பட்டியல்களையுமே. பக்கத்தை எடுத்துவிட்டால் அது நாளை எதிலிருந்து கற்கும்?

தொண்டர்க்கு நேரம் இல்லை என்னும் தடை ஒன்றே எமக்கு மெய்யாகத் தோன்றுகின்றது. ஊதியமின்றி, தொழிலும் குடும்பமும் போக எஞ்சிய இரவில் இதனைச் செய்கின்றனர். எழுபது கருவிகளையும் அவர்களே சோதித்தல் வேண்டும் எனக் கேட்பது கொடுமை. ஆயின் முழுவதையும் ஒருவர் சோதிக்க வேண்டுவதில்லை. பகுதி பகுதியாகப் பிரித்து, அப்பகுதியின் தேவை உடையோரிடமே கொடுத்தால் வேலை சிறிதாகும். தமிழ் எழுத்துருமாற்றியைச் சோதிக்க நிரல் எழுதத் தெரிய வேண்டுவதில்லை. எங்கே பிழை வரும் என்பது தெரிதல் வேண்டும். அது தமிழ் படித்தோர்க்கே தெரியும்.

ஆதலின் ஒரு சோதனைத்தாள் ஆக்கினோம். பதினாறு சொற்கள். பொன்னையா, கொழும்பு, கௌரி, தம்பையா, வேலணை, கோண்டாவில் எனக் கொம்பும் இரட்டைக்கொம்பும் ஐகாரமும் ஒளகாரமும் வெவ்வேறிடத்து வருவன சில; கந்தசாமி, கமலநாதன், கனகசபை, பழனி, பவளம், பறாளாய் என வரிசையைச் சோதிப்பன சில; ஸ்ரீதரன், லக்ஷ்மி எனக் கிரந்தம் கலந்தன சில. பாமினியிலும் யுனிகோட்டிலும் தட்டெழுதி, சரியான வரிசையையும் உடன் வைத்து எம் மாணவர்க்கு அனுப்பினோம். ஒரு கருவியை இத்தாளிற் சோதிக்க ஐந்து நிமிடமும் ஆகவில்லை. அப்பக்கத்தில் இருந்த மூன்று மாற்றிகளுள் ஒன்றே தேறிற்று. ‘பிற’ என்பதன் கீழ்க் கிடந்ததே அது.

சென்ற மாதம் அவரிடமிருந்து மடல் வந்தது. பக்கம் தேவைவகையால் திருத்தப்படுகின்றது. இலத்தீன் அல்லாத எழுத்துகளுக்குத் தனிப்பகுதி ஒன்று வகுத்துள்ளனர். அதிற் பழைய மாற்றியின் பெயரும் உண்டு. கைவிடப்பட்டது, கொம்பு பிழைக்கும், இதற்குப் பதிலாக இன்னதைக் காண்க என்ற குறிப்போடு. ஒவ்வொரு பகுதிக்கும் இருவர் பொறுப்பேற்று ஆறு மாதத்திற்கு ஒருமுறை பார்வையிடல் வேண்டும் என விதித்துள்ளனர். சிங்கள எழுத்துக்கு இருவர் கிடைத்துவிட்டனராம். தமிழுக்கு ஒருவர் மாத்திரம்; அவர் எம் மாணவரே. இரண்டாமவர் இடம் வெறிதாய் உள்ளது.

எம் உயர்தர வகுப்பு மாணாக்கர் நால்வரும் பரீட்சை முடிந்தபின் அதனை ஏற்க முன்வந்துள்ளனர். அதுவரை, இத்துறையில் தொழில் புரியும் பழைய மாணவர் எவரேனும் ஆண்டுக்கு இரு மாலைப்பொழுது தர இயலுமாயின், சங்கச் செயலாளர் மூலம் எமக்கு அறிவிக்க. சோதனைத்தாளை அனுப்பி வைப்போம். இடாப்பு இம்மலரின் இறுதியில் இணைக்கப்பட்டுள்ளது. பொன்னையா என்னும் பெயரினர் எழுவர் அதில் உளர். எழுவரையும் யாமே ஒப்புநோக்கினோம்.